நோயாளி பேசுவது புரியுமா?

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். கனவோடு விமானம் ஏறும் பிள்ளைகளும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் பெற்றோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

நீட் முடிவு வெளியான வாரமே தமிழ்நாட்டின் ஓட்டல் ஹால்கள் நிரம்பிவிடுகின்றன. சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று எங்கு போனாலும் 'வெளிநாட்டில் மருத்துவம்' என்ற பேனர் கண்ணில் படுகிறது. திரையில் பனி படர்ந்த வளாகம், வெள்ளைக் கோட்டு அணிந்த மாணவர்கள், இட்லியும் சாம்பாரும் பரிமாறும் மெஸ் என்று படங்கள் ஓடுகின்றன. டொனேஷன் கிடையாது, ஆங்கிலத்தில் பாடம், சீட் உறுதி என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் நோட்டில் குறித்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான்: ஆறு வருடத்துக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும்?

அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அது மட்டும் போதாது. ஜார்ஜியா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், ரஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ் என்று நம் பிள்ளைகள் தேடிப்போகும் நாடுகள் எல்லாம் நம்மைப் போலவே வளர்ந்துகொண்டிருக்கும் பொருளாதாரங்கள். அங்கே கல்லூரியில் இடம் கிடைப்பது எளிது. நோயாளியின் படுக்கையருகே நின்று, அவரிடம் பேசி, தொட்டுப் பார்த்துப் படிக்க வாய்ப்புக் கிடைப்பதுதான் அரிது. ஊர் திரும்பிய பிறகு டாக்டராக முடியுமா என்பதைத் தீர்மானிப்பதில் கட்டணத்தைவிட அந்த வாய்ப்புக்கே பங்கு அதிகம்.

கதவு இங்கே அடைபடுவதால்

போகிற பிள்ளைகளைப் பார்த்து, 'இங்கே தேறாதவர்கள்' என்று முகம் சுளிக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. கணக்கைப் பார்த்தால் அந்த ஏளனம் எவ்வளவு அநியாயம் என்பது தெரியும். 2024-ல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். தகுதி மதிப்பெண் எடுத்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க அந்த ஆண்டு இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் 1.1 லட்சம். அதிலும் ஏறத்தாழ பாதிதான் அரசுக் கல்லூரிகளில். எஞ்சியவை தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு வருடக் கட்டணம் மட்டுமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது.

அதே 20 லட்சம் முதல் 40 லட்சத்துக்குள் வெளிநாட்டில் முழுப் படிப்பையும் முடித்துவிடலாம் என்றால், ஒரு நடுத்தரக் குடும்பம் எந்தப் பக்கம் சாயும்? பள்ளி ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், அரை ஏக்கர் நிலத்தை விற்கத் துணியும் விவசாயி போன்றவர்களின் பிள்ளைகள்தான் இந்தப் பாதையில் அதிகம். தன் வீட்டில் முதல் டாக்டரை உருவாக்க ஆசைப்படும் குடும்பத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சரியான தகவலைக் கொடுக்காமல் அவர்களை அனுப்பிவைப்பதுதான் குற்றம்.

அவர்கள் ஏன் அழைக்கிறார்கள்?

அந்த நாடுகளின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். சோவியத் ஒன்றியம் வளரும் நாடுகளின் மாணவர்களை அரசியல் நட்புக்காக வரவேற்றது. மாஸ்கோவில் அவர்களுக்கென்றே 1960-ல் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கி, மறு ஆண்டு அதற்குக் காங்கோ விடுதலைத் தலைவர் பாட்ரிஸ் லுமும்பாவின் பெயரைச் சூட்டினார்கள். இந்திய மாணவர்கள் பலர் அங்கே அரசு உதவித்தொகையில் படித்தார்கள்.

1991-ல் ஒன்றியம் உடைந்ததும் நிலைமை மாறியது. கிர்கிஸ்தான், ஜார்ஜியா, உக்ரைன், உஸ்பெகிஸ்தான் ஆகியவை தனி நாடுகளாயின. பெரிய மருத்துவக் கல்விக்கூடங்கள் அவற்றின் கையில் இருந்தன. பிஷ்கெக்கில் உள்ள கிர்கிஸ் அரசு மருத்துவ அகாடமி 1939-ல் தொடங்கியது. திபிலிசி அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வரலாறு 1918-லிருந்து வருகிறது. சமர்கண்டில் 1930 முதல் மருத்துவம் கற்பிக்கிறார்கள். கட்டடம் இருந்தது, பேராசிரியர்கள் இருந்தார்கள், அரசிடம் பணம்தான் இல்லை. டாலரில் கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவர்கள் அந்தக் கல்விக்கூடங்களுக்கு உயிர் கொடுத்தார்கள். நட்புக்காகக் கொடுத்த கல்வி ஏற்றுமதித் தொழிலாக மாறியது இப்படித்தான். பழைய அரசு நிறுவனங்களை அடுத்துப் புதிய தனியார் கல்லூரிகளும் முளைத்தன.

தொழில் என்றான பிறகு மாணவர் எண்ணிக்கை கூடக்கூட வருமானமும் கூடுகிறது. நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும் அப்படிக் கூடுவதில்லை. கிர்கிஸ்தானின் மொத்த மக்கள்தொகை சுமார் 70 லட்சம்; ஜார்ஜியாவில் 40 லட்சம் பேர்கூட இல்லை. நம் சென்னை மாநகரோடு ஒப்பிடத்தக்க அளவுதான். அங்குள்ள மருத்துவமனைகளில்தான் அந்த நாட்டு மாணவர்களும், இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வந்த ஆயிரக்கணக்கானவர்களும் பயிற்சி பெற வேண்டும். ஒரு படுக்கையைச் சுற்றி இருபது பேர் நின்றால் பின்வரிசையில் நிற்பவருக்கு நோயாளியின் முகம்கூடத் தெரியாது.

வகுப்பில் ஆங்கிலம், வார்டில்?

மருத்துவத்தின் முதல் பாடமே நோயாளியின் கதையைக் கேட்டு எழுதுவதுதான். வலி எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே பரவுகிறது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். நம் அரசு மருத்துவமனையில் ஒரு பாட்டி 'மூச்சு வாங்குது' என்பார், இன்னொருவர் 'நெஞ்சைக் கரிக்குது' என்பார். அதில் எது இதயம், எது வயிறு என்று பிரித்தறியும் காதுதான் டாக்டரின் முதல் கருவி.

பிஷ்கெக் வார்டில் நோயாளி பேசுவது கிர்கிஸ் அல்லது ரஷ்ய மொழி. திபிலிசியில் ஜார்ஜிய மொழி. அதற்குத் தனி எழுத்து. பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டு ஆங்கிலத்தில் இயங்காது. பெரும்பாலான கல்லூரிகள் முதல் வருடங்களில் உள்ளூர் மொழி வகுப்பு வைக்கின்றன. தேறினால் போதும் என்று மாணவர்கள் அதைக் கடந்துபோகிறார்கள். மூன்றாம், நான்காம் வருடத்தில் கிளினிக்கல் போஸ்டிங் தொடங்கும்போது அந்த அலட்சியம் விலை கேட்கிறது. பேராசிரியர் மொழிபெயர்த்துச் சொல்வதை எழுதிக்கொள்வதோடு அன்றைய பயிற்சி முடிந்துபோகிறது.

நோய்களும் நாட்டுக்கு நாடு வேறு. கிர்கிஸ்தானில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சான்றளித்தது. உஸ்பெகிஸ்தானுக்கு 2018-லும் ஜார்ஜியாவுக்கு 2025-லும் அதே சான்று கிடைத்தது. அந்த மக்களுக்கு அது பெருமை. ஆனால் அங்கே படிக்கும் நம் பிள்ளைக்கு மலேரியா என்பது புத்தகத்தில் மட்டும் இருக்கும் நோய். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், பாம்புக்கடி என்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலுக்கு அன்றாடம் வருகிற பலவற்றை அவர் நேரில் பார்த்திருக்க மாட்டார்.

இதன் விளைவு தேர்வு முடிவில் தெரிகிறது. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் வெல்ல வேண்டும். 2002-ல் தொடங்கிய இந்தத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. மொத்தம் 300 கேள்விகள். 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இருந்தும் 2015 முதல் 2018 வரை எழுதிய 61,000-க்கும் மேற்பட்டோரில் தேறியவர்கள் சுமார் 14 விழுக்காடுதான். அண்மை ஆண்டுகளில் நிலைமை சற்று மேம்பட்டிருக்கிறது. அப்போதும் ஐந்தில் ஒருவர், மிஞ்சினால் நான்கில் ஒருவர் என்ற அளவிலேயே தேர்ச்சி நிற்கிறது.

அந்த நான்கு ஆண்டுக் கணக்கை நாடுவாரியாகப் பிரித்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. சீனாவில் படித்தவர்களில் தேறியவர்கள் சுமார் 12 விழுக்காடு. ரஷ்யாவுக்கு 13, உக்ரைனுக்கு 15. பக்கத்திலுள்ள வங்கதேசத்தில் படித்தவர்களில் 27 விழுக்காட்டினர் தேறினார்கள். வங்கதேசத்தில் சேர்வதற்கே மதிப்பெண் வரம்பு உண்டு என்பது ஒரு காரணம். பாடத்திட்டம் நம்முடையதை ஒத்தது; காய்ச்சலும் காசநோயும் நம் ஊரில் இருப்பவையே; மருத்துவமனைகளில் நோயாளிகள் நிறைந்திருக்கிறார்கள். மேற்கு வங்கத்துப் பிள்ளைகளுக்கு மொழியும் சொந்த மொழி. படுக்கையருகே படித்தவருக்கும் படத்தில் பார்த்துப் படித்தவருக்கும் உள்ள வேறுபாடு இந்த எண்களில் பதிந்திருக்கிறது.

சட்டம் மாறியது, பலருக்குத் தெரியவில்லை

படுக்கையருகே பயிற்சி இல்லாத இந்த ஓட்டையை அடைக்கவே தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18-ம் தேதி புதிய விதிகளை வெளியிட்டது. அதற்குப் பிறகு சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அவை பொருந்தும். படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். இந்தியா வந்தபின் இன்னொரு 12 மாதம் ஹவுஸ் சர்ஜனாக இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் படிப்பும் பயிற்சியும் முடிந்திருக்க வேண்டும். இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: படித்த நாட்டிலேயே, அந்நாட்டுக் குடிமகனுக்கு இணையாக மருத்துவம் பார்க்கும் உரிமம் பெறும் தகுதி அந்தப் பட்டத்துக்கு இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையை ஓட்டல் ஹாலில் யாரும் விளக்குவதில்லை. தன் ஊரில் மருத்துவம் பார்க்க உதவாத பட்டத்தை வெளிநாட்டவருக்கு மட்டும் கொடுத்து அனுப்பும் கல்லூரிகளை வடிகட்டுவதே இதன் நோக்கம்.

பிலிப்பைன்ஸ் அனுபவம் இந்த விதியின் கூர்மையைக் காட்டுகிறது. தமிழ் மாணவர்களுக்கு மிகவும் பழக்கமான நாடு அது. டாவோ நகரில் தமிழ்க் குரல் கேட்காத மருத்துவக் கல்லூரி வீதி இல்லை எனலாம். டாக்டர்களும் பேராசிரியர்களும் ஆங்கிலம் பேசுகிறார்கள், நாடு வெப்பமண்டலத்தில் இருக்கிறது, டெங்குவும் காசநோயும் நிறைய. கற்பதற்கு நல்ல சூழல். ஆனால் அமெரிக்க முறைப்படி அங்கே முதலில் பி.எஸ். என்ற முன்படிப்பு, அதன்பின் நான்கு வருட எம்.டி. முன்படிப்பை மருத்துவப் படிப்பின் கணக்கில் சேர்க்க முடியாது என்று ஆணையம் சொல்லிவிட்டது. நான்கு வருடம் என்பது 48 மாதம், தேவையோ 54. பி.எஸ். படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள், நீதிமன்றப் படியேறினார்கள். நல்ல கல்லூரியில் சேர்ந்தும், நன்றாகப் படித்தும், விதி பொருந்தாததால் தவித்த பிள்ளைகள் அவர்கள்.

வெளிநாடு போக நீட் தேவையில்லை என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். 2018 முதல் அது கட்டாயம். நீட் தகுதி இல்லாமல் சேர்ந்தவர் திரும்பி வந்து எஃப்.எம்.ஜி.இ. எழுதவே முடியாது.

பாடம் நடத்திய நெருக்கடிகள்

2020 தொடக்கத்தில் கொரோனாவுக்குப் பயந்து சீனாவிலிருந்து ஊர் வந்த ஆயிரக்கணக்கான மாணவர்கள் இரண்டரை ஆண்டுக்குத் திரும்பிப் போக முடியவில்லை. மாணவர் விசா மறுபடி கிடைத்தது 2022 ஆகஸ்டில். அதுவரை உடற்கூறியலையும் அறுவைச் சிகிச்சையையும் கைப்பேசித் திரையில் படித்தார்கள். ஆன்லைனில் படித்ததை ஈடுசெய்யக் கூடுதல் ஆண்டுகள் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி செய்யுமாறு ஆணையம் பிறகு உத்தரவிட்டது.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தபோது கார்கிவ், சுமி நகரங்களில் நம் பிள்ளைகள் நிலவறைகளில் ஒடுங்கியிருந்தார்கள். கார்கிவில் ஒரு கர்நாடக மாணவர் குண்டுவீச்சுக்குப் பலியானார். இந்திய அரசின் ஆபரேஷன் கங்கா மூலம் மீட்கப்பட்டு வந்த தமிழக மாணவர்கள் மட்டும் 1,800-க்கும் மேல். உயிர் தப்பி வந்தவர்களுக்கு இங்குள்ள கல்லூரிகளில் இடம் கொடுக்க விதி இடம் தரவில்லை. பலர் வேறு நாட்டுக்கு மாறி, புதிய ஊரில் புதிய மொழியோடு மீண்டும் தொடங்கினார்கள்.

2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்களின் விடுதிகளைக் கும்பல்கள் தாக்கின. வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம் என்று இந்தியத் தூதரகம் அறிவுறுத்தியது. அதே ஆண்டு வங்கதேசக் கலவரத்திலும், 2025 ஜூனில் ஈரான் மீதான தாக்குதலின்போதும் இந்திய மாணவர்கள் அவசரமாக ஊர் திரும்பினார்கள். போரோ கலவரமோ இல்லாமல் அரசின் கொள்கை மாறினாலும் இடர்ப்பாடுதான். அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் சேர்க்கையைக் கட்டுப்படுத்தும் சீர்திருத்தத்தை ஜார்ஜியா 2025-ல் அறிவித்திருக்கிறது.

ஐந்தாறு ஆண்டுகளில் இத்தனை. வளரும் நாடுகளில் படிக்கப்போவதே தவறு என்பதற்கு இவை சான்றில்லை. ஆறு வருடம் என்பது நீண்ட காலம், இடையில் வழி அடைபட்டால் என்ன செய்வது என்ற திட்டம் குடும்பத்திடம் இருக்க வேண்டும் என்பதையே இவை சொல்கின்றன.

பட்டத்துக்குப் பிறகு

பட்டத்தோடு விமானம் இறங்கிய நாளில் இன்னொரு ஓட்டம் தொடங்குகிறது. ஊரெல்லாம் டாக்டர் என்று கூப்பிடும். அந்தப் பெயரைப் பலகையில் எழுதச் சட்டம் இன்னும் அனுமதித்திருக்காது. எஃப்.எம்.ஜி.இ. கோச்சிங் சென்டரில் சேர்ந்து, ஆறு வருடப் பாடத்தை ஆறு மாதத்தில் திரும்பப் படிக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது ஆறுதல். ஒவ்வொரு முறை தவறும்போதும் ஆறு மாதம் நழுவுகிறது, கடன் வட்டி ஏறுகிறது, மனம் சோர்கிறது.

தேறிய பிறகும் காத்திருப்பு உண்டு. ஒரு கல்லூரியின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 7.5 விழுக்காடு அளவுக்கே வெளிநாட்டில் படித்தவர்களை ஹவுஸ் சர்ஜன்களாகச் சேர்க்கலாம் என்று ஆணையம் வரம்பு வைத்தது. தேர்வில் வென்றும் அந்த ஹவுஸ் சர்ஜன் இடத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. இத்தனையும் கடந்து வந்தவர்கள் இன்று நம் கிராமங்களிலும் தனியார் மருத்துவமனைகளின் இரவுப் பணியிலும் உழைக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டில் பாதி தேவையில்லாதது, தவிர்த்திருக்கக் கூடியது.

கையெழுத்திடும் முன் கேளுங்கள்

1. இந்தக் கல்லூரியில் படித்தவர்களின் எஃப்.எம்.ஜி.இ. தேர்ச்சி எவ்வளவு? கல்லூரிவாரியான விவரத்தைத் தேசியத் தேர்வு வாரியம் வெளியிட்டிருக்கிறது. ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் நீங்களே பாருங்கள்.

2. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா? எத்தனை படுக்கை, ஒரு குழுவில் எத்தனை மாணவர்? அங்கே நான்காம், ஐந்தாம் வருடத்தில் இருக்கும் தமிழ் மாணவர் இருவரிடமாவது பேசுங்கள். முதல் வருட மாணவருக்கு வார்டு தெரியாது.

3. 54 மாதப் படிப்பு, 12 மாத இன்டர்ன்ஷிப், உரிமம் பெறும் தகுதி ஆகிய மூன்றும் அந்நாட்டுச் சட்டப்படி கிடைக்கும் என்று பல்கலைக்கழகம் எழுத்தில் தருமா?

4. ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஆணையம் அப்படி அங்கீகாரப் பட்டியல் வெளியிடுவதில்லை. மாறாக, பெலிஸ் நாட்டின் சில கல்லூரிகளில் சேர வேண்டாம் என்று 2025-ல் எச்சரித்தது.

5. கட்டணத்தோடு விடுதி, சாப்பாடு, விசா புதுப்பிப்பு, விமானம், கோச்சிங், திரும்பி வந்தபின் இரண்டு வருடச் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தீர்களா? டாலர் ஏறினால் தாங்குமா?

6. பிள்ளைக்கு உண்மையிலேயே விருப்பம் மருத்துவமா, அல்லது வீட்டின் விருப்பமா?

அரசின் கடமை

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுகள் 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பி, கல்லூரியிடமிருந்தும் கமிஷன் பெறும் கன்சல்டன்சிகள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. பஞ்சாப் மாநிலம் 2012-லேயே பயண ஆலோசகர்களை முறைப்படுத்தத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடும் செய்யலாம்: கட்டாயப் பதிவு, வைப்புத்தொகை, கமிஷன் எவ்வளவு என்ற வெளிப்படையான அறிவிப்பு, பொய் விளம்பரத்துக்குத் தண்டனை.

நாடுவாரியான, கல்லூரிவாரியான தேர்ச்சி விவரமும் 2021 விதிகளின் சாரமும் எளிய தமிழில் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் போய்ச் சேர வேண்டும். மருத்துவக் கல்வி இயக்ககமும் அயலகத் தமிழர் நலத்துறையும் சேர்ந்து ஓர் உதவி மையம் நடத்தினால், ஓட்டல் ஹாலுக்குப் போகும் முன்பே பெற்றோர் அங்கே வருவார்கள். தேர்வில் வென்ற எவரும் ஹவுஸ் சர்ஜன் இடத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. விடுமுறையில் ஊர் வரும் வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் நம் அரசு மருத்துவமனைகளில் மேற்பார்வையோடு கவனித்துக் கற்கவும் முறையான ஏற்பாடு வேண்டும்.

போகும் மாணவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. முதல் வருடத்திலேயே அந்த நாட்டு மொழியைப் பிடியுங்கள். வார்டில் முன்வரிசை அந்த மொழியைப் பேசுபவருக்குத்தான் கிடைக்கும். எஃப்.எம்.ஜி.இ. பாடத்தைக் கடைசி வருடத்துக்குத் தள்ளாமல் அன்றன்றைக்கு அங்கேயே படியுங்கள். ஊரில் ஒரு நோயாளி தன் உடம்பை நம்பி உங்களிடம் ஒப்படைக்கப் போகிறார். எந்த நாட்டில் படித்தீர்கள் என்று அவர் கேட்க மாட்டார். தன் நோய் இன்னதென்று கண்டுபிடிக்கத் தெரிந்த டாக்டர்தான் அவருக்குத் தேவை. அந்தத் திறமையைக் கொடுக்கும் கல்லூரி பிஷ்கெக்கில் இருந்தாலும் சமர்கண்டில் இருந்தாலும், விதிக்குப் பொருந்தினால் தாராளமாகப் போகலாம். அதைக் கொடுக்காத கல்லூரி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் ஒரு பிள்ளையின் ஆறு வருடத்தையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டக் கூடாது.